கத்தரிக்கப்பட்ட உண்மை

குருக்ஷேத்திரப் போர்க்களத்தில் துரோணரை வீழ்த்த ஒரு வாக்கியமே போதுமானதாயிற்று. ‘அசுவத்தாமன் இறந்தான்’ என்பதை உரக்கவும், ‘யானை’ என்பதைத் தெளிவின்றியும் யுதிஷ்டிரர் கூறினார். அப்பெயருடைய யானை ஒன்று உண்மையாகவே கொல்லப்பட்டிருந்தது. எனவே அவர் உரைத்த சொற்களில் பொய் இல்லை. ஆயினும் அதுவரை பூமியைத் தொடாமல் நான்கு விரற்கடை உயரத்தில் சென்ற அவரது தேர் தரையில் இறங்கிவிட்டது என்கிறது மகாபாரதம். மெய்யான ஒரு சொல்லைக் கேளாதபடி செய்ததால் நேர்ந்த இறக்கம் அது.

புகைப்படத்தின் ஓரத்தைக் கத்தரிப்பதும் சில வேளைகளில் இத்தகைய செயலாகிவிடுகிறது.

2020 ஜனவரியில் ஸ்விட்சர்லாந்தின் டாவோஸ் நகரில், உலகப் பொருளாதார மன்றத்தின் மாநாட்டையொட்டி, பருவநிலை மாற்றத்தின் அபாயத்தை எடுத்துரைக்க வந்த ஐந்து இளம்பெண்கள் பனிமலைப் பின்னணியில் நின்றனர். ஸ்வீடனின் கிரெட்டா துன்பெர்க் உள்ளிட்ட நால்வர் ஐரோப்பியர். ஓரத்தில் நின்ற வனெஸ்ஸா நகாட்டே, ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டா நாட்டவர். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட படத்திலோ நால்வர் மட்டுமே இருந்தனர். நகாட்டேயின் பின்னால் தெரிந்த கட்டிடம் பார்வையை ஈர்த்ததால், அவசரத்தில் அந்த ஓரம் நீக்கப்பட்டது. தீய நோக்கம் ஏதுமில்லை என்று அந்நிறுவனம் விளக்கியது. பின்னர் வருத்தமும் தெரிவித்தது. தன்னை மட்டுமன்று, ஒரு கண்டத்தையே அழித்துவிட்டார்கள் என்று நகாட்டே மனம் நொந்தார்.

நோக்கம் தீயதன்று என்பதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அத்துடன் கேள்வி முடிந்துவிடுமா? யோகசூத்திரத்தின் வியாச பாஷ்யம் சத்தியத்தை விளக்கும்போது, தன் அறிவைப் பிறர் உள்ளத்தில் சேர்ப்பிப்பதே வாக்கின் பயன் என்கிறது. அவ்வாக்கு வஞ்சனையற்றதாக மட்டுமின்றி, மயக்கம் தராததாகவும், உயிர்களுக்குத் தீங்கிழைக்காததாகவும் இருக்க வேண்டும். அதாவது, சொன்னவரின் மனத்தூய்மையோடு கேட்டவர் உள்ளத்தில் என்ன விளைந்தது என்பதும் கணக்கில் வருகிறது. டாவோஸ் படத்தைக் கண்டவர் உள்ளத்தில் விளைந்தது, ‘பூமியைப் பற்றிக் கவலைப்படுவோர் ஐரோப்பியர்’ என்னும் எண்ணம். அந்த எண்ணம் பொய்.

இதற்காகக் கத்தரிப்பதையே விலக்கிவிட இயலாது. கேமராவைக் கண்ணருகே கொண்டுசெல்லும்போதே உலகத்தின் பெரும்பகுதி வெட்டப்பட்டுவிடுகிறது. 1936-இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், வேலையற்று வாடிய ஒரு தாயையும் குழந்தைகளையும் டோரதியா லாங்கே படமெடுத்தார். கூடாரம் முழுவதும் தெரியும் தொலைவிலும் எடுத்தார்; நெருங்கியும் எடுத்தார். நெருங்கி எடுத்த படமே உலகின் மனச்சாட்சியைத் தொட்டது. அங்கே விலக்கப்பட்டவை அத்தாயின் துயரை மறைக்கவில்லை, தெளிவாக்கின. பிற்பாடு அதே படத்தின் கீழ்மூலையில் கூடாரக் கம்பைப் பற்றியிருந்த கட்டைவிரல் ஒன்றை லாங்கே அழிக்கச் செய்தார். இது நெகட்டிவையே மாற்றுதல். செய்திப் படங்களுக்கான இன்றைய விதிகளின்படி கத்தரித்தலைவிடப் பெரிய குற்றம். ஆனால் அந்த விரல் போனதால் யாருடைய பசி மறைந்தது? விதி கடிந்துகொள்ளும் செயல் ஒன்று ஏறக்குறைய எவரையும் வஞ்சிக்கவில்லை. விதி அனுமதிக்கும் செயலோ நின்றிருந்த ஒருவரை இல்லாதவராக்கியது.

அதனால் விதிகள் வீண் என்பதன்று. 2003-இல் ஈராக்கின் பாஸ்ரா அருகே எடுத்த இரு படங்களை இணைத்து ஒன்றாக்கிய செய்திப் புகைப்படக்காரர் பணியிழந்தார். கூட்டத்தில் சிலர் இருமுறை தோன்றியதால் அது வெளிப்பட்டது. இரு படங்களும் மெய்யே. ஆனால் இணைத்த படம் காட்டிய கணம் நிகழவே இல்லை. கருவியைத் திருத்துவோருக்கு விதி வேலி போடும். எவரைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளுகிறோம் என்று பார்க்கும் விழிப்பை அது தராது. விரைவில் பணி முடிக்க வேண்டிய நேரத்தில்தான் அவ்விழிப்பு முதலில் நழுவுகிறது.

நகாட்டேயின் நூல் 2021-இல் வெளிவந்தது. அதற்கு அவர் இட்ட பெயர் ‘ஏ பிக்கர் பிக்சர்’ - இன்னும் பெரியதொரு படம்.