என் பெயரில் ஆடியவன்

சென்னையில் என் வீட்டு பீரோவில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கிறது. மார்க் ஷீட், டிகிரி, சாதிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கால்பந்துச் சான்றிதழ். 2009-ல் நடந்த மண்டல அளவிலான பொறியியல் கல்லூரிப் போட்டியில் எங்கள் அணிக்கு இரண்டாம் இடம். அதில் என் பெயர் இருக்கிறது. அந்த சீசனில் நான் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. என் பெயர் மட்டும் ஐந்து கோல் போட்டது.

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரி. எது என்பது வேண்டாம். 'வெளியாள் இறக்குவது' என்று சொல்வோம். கல்லூரியில் படிக்காத நல்ல ஆட்டக்காரனை, படிக்கிற ஒருவனின் ஐ.டி. கார்டில் ஆடவைப்பது. நான் அணியில் பதினாறாவது ஆள். தண்ணீர் பாட்டில் தூக்குகிற ஆள். "தம்பி, உன் கார்டைக் குடு" என்றார் பி.டி. சார். கொடுத்தேன். யாரும் மிரட்டவில்லை. கார்டில் இருந்த போட்டோ பதினொன்றாம் வகுப்பில் எடுத்தது, அது எனக்கே என்னைப் போல இருக்காது.

அவன் கழனிவாசல் பக்கத்துப் பையன். என் வயசுதான். பத்தாவதோடு நிறுத்திவிட்டு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். சாயங்காலம் செம்மண் பொட்டலில் எங்களோடு வெறுங்காலில் ஆடுவான். இடது காலால் அவன் பந்தைத் திருப்புகிற விதத்தைப் பார்த்தால், நாமெல்லாம் எதுக்குடா ஷூ வாங்கினோம் என்று இருக்கும். காரைக்குடி, அழகப்பச் செட்டியார் 1947-ல் கல்லூரி தொடங்கிய ஊர். உடற்கல்விக்கென்றே ஒரு கல்லூரி 1956-லேயே வந்துவிட்ட ஊர். ஆனால் பத்தாவதோடு நின்றவன் எந்தக் கல்லூரி வாசலிலும் நுழைய முடியாது. அவன் புல்தரையில் ஆட என் பெயர் ஒன்றுதான் வழி. அப்போது எனக்கு அது உதவி என்றே தோன்றியது. கொஞ்சம் பெருமைகூட.

நான் வேறு ஊர்க்காரன் மாதிரி கோட்டுக்கு வெளியே நின்று பார்ப்பேன். இரண்டாவது மேட்ச்சில் அவன் ஒருத்தன் காலை வாரிவிட்டான். ரெஃப்ரி மஞ்சள் கார்டைத் தூக்கி, சீட்டைப் பார்த்து என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். "சார்" என்று திரும்பியது நான். அவன் பாட்டுக்கு சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான். பக்கத்தில் நின்றவன் என் விலாவில் இடித்தான். ராத்திரி ஹாஸ்டலில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

செமிஃபைனலில் அவன் முழங்கால் போயிற்று. தனியாக விழுந்தான், யாரும் தொடவில்லை. சத்தம் எனக்கே கேட்டது. எல்லோரும் ஓடினார்கள். அப்புறம் எல்லோரும் சும்மா நின்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் என்ன பெயர் சொல்வது? மாணவர்களுக்கு விபத்துக் காப்பீடு உண்டு, ஆனால் அது என் பெயரில். என் முழங்கால் நன்றாக இருக்கிறது. சார் ஐநூறு ரூபாயை அவன் சட்டைப்பையில் வைத்து, ஒரு பைக்கில் நடுவில் உட்காரவைத்து அனுப்பினார். யாரோ நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டார்கள். ஃபைனலில் மூன்று கோலில் தோற்றோம். அவன் அதற்கப்புறம் ஆடவில்லை.

இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று பல வருஷமாக யோசித்திருக்கிறேன். விதியை மீறினோம், எதிரணியை ஏமாற்றினோம், அது தெரிந்ததுதான். அதில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. குழப்பம் அவன் விஷயத்தில். அவன் சம்மதித்தான், ஆசைப்பட்டான், அனுபவித்தான். அப்படியிருக்க நான் அவனுக்கு என்ன கடன்?

வெளியாள் என்பதே தப்பில்லை. கால்பந்தும் அறமும் என்று எழுதினால் ஆல்பெர் காம்யுவைக் கூப்பிடாமல் விடமாட்டார்கள், நானும் கூப்பிட்டுவிடுகிறேன். அறம் பற்றித் தனக்கு உறுதியாகத் தெரிந்ததைக் கால்பந்திடம் கற்றதாகச் சொன்னவர். அல்ஜீயர்ஸ் பல்கலைக்கழகக் கிளப்பின் ஜூனியர் அணியில் கோல்கீப்பராக நின்றபோது அவர் பல்கலைக்கழக மாணவரே இல்லை, பள்ளிக்கூடப் பையன். 1930-ல், பதினேழு வயதில், காசநோய் வந்து ஆட்டம் நின்றது. ஆனால் வந்த நோய் அவர் பெயரில் வந்தது. ஆடியதும் அவர் பெயரில்தான்.

நம் பக்கமே பார்க்கலாம். மதுரைக்குத் தெற்கே காரியாபட்டி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆதரவில் வளர்ந்த பெண்கள் அணி சேது எஃப்.சி. 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதிப்போட்டியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று ஜெயித்தது. அந்த அணியில் கடலூரின் இந்துமதி கதிரேசனும் உண்டு, நேபாளத்திலிருந்து வந்த சபித்ரா பண்டாரியும் உண்டு. சபித்ரா அடித்த கோல் சபித்ரா பெயரில் ஏறியது. அந்தக் கோப்பையை 'நம்ம கோப்பை' என்று சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

செட்டிநாட்டில் பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளை கூட்டுவார்கள். வேறு வீட்டில் பிறந்த பையன் அன்றிலிருந்து இந்த வீட்டுப் பிள்ளை, சொத்துக்கும் கொள்ளிக்கும் உரியவன். சின்ன வயதில் எனக்கு அது விநோதமாகத் தெரியும். ஆனால் பங்காளிகளைக் கூட்டிவைத்து, எல்லோர் கண்ணெதிரே செய்கிற காரியம் அது. கடன் வந்தாலும் அவன் தலையில், காய்ச்சல் வந்தாலும் இந்த வீட்டுச் செலவு. நாங்கள் அவனுக்குக் கொடுத்த பெயர் தொண்ணூறு நிமிடத்துக்கு மட்டும். விசில் ஊதியதும் வாங்கிக்கொண்டோம். அவன் விழுந்த அன்றைக்கு விசில்கூட ஊதவில்லை.

என் வேலையில் 'கிட் ப்ளேம்' என்று ஒன்று உண்டு. எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும். பாராட்டுவதற்காக அதை யாரும் தட்டிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் யாரை எழுப்புவது என்று தெரியத்தான் பார்ப்போம். அவன் கோல்கள் என் கணக்கில் ஏறியது பற்றித்தான் முதலில் குற்றவுணர்ச்சி இருந்தது. இப்போது அது சின்ன விஷயமாகத் தெரிகிறது. அவன் விழுந்தபோது கூப்பிட ஒரு பெயரை நாங்கள் விட்டுவைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். கேம்பஸ் இன்டர்வியூவில் எதிரே இருந்தவர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "ஃபுட்பால் ப்ளேயரா? எந்த பொசிஷன்?" என்றார். "ஃபார்வர்ட்" என்றேன். கார்டைக் கொடுத்தபோது சார் கேட்டார், அணிக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த ஒரு வார்த்தையை யாருக்காகச் சொன்னேன்? வேலை கிடைத்தது. அதனால்தான் கிடைத்தது என்று சொல்ல முடியாது. அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவன் பட்டறைக்குப் போனேன். இப்போது சொந்தப் பட்டறை. லேசாகச் சாய்ந்து நடக்கிறான், மாடிப்படி என்றால் கம்பியைப் பிடித்துக்கொள்கிறான். டீ சொன்னான். மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ ஆரம்பித்தேன், நடுவிலேயே கையை ஆட்டி நிறுத்தினான். "அந்தப் புல்லுல ஆடுனேன்ல, விடுடா" என்றான். அவன் விட்டுவிட்டான் என்பதற்காக நான் விட்டுவிடலாமா என்று தெரியவில்லை. சான்றிதழை போனில் எடுத்து வைத்திருந்தேன், காட்டினேன். கையில் இருந்த கிரீஸை வேட்டியில் துடைத்துவிட்டு, இரண்டு விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தான்.

"டேய்," என்றான், "இனிஷியலத் தப்பா போட்டிருக்கான்டா."

வாங்கிப் பார்த்தேன். ஆமாம்.