கூட்டாளி கல்லாவில் கை வைத்தால்...



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.

கண்ணியமிக்க அல்லாஹ்வின் நல்லடியார்களே!

நம் ஊர்களில் அடிக்கடி நடப்பதுதான். ஒருவர் சவூதியிலோ துபாயிலோ பல வருடம் உழைத்துச் சேர்த்ததைக் கடைக்கு முதலாகப் போடுகிறார். மச்சானோ நண்பரோ ஊரில் இருந்து கடையைப் பார்த்துக்கொள்கிறார். லாபத்தில் சரிபாதி என்று வாய்ப்பேச்சு. எழுத்து எதுவும் இல்லை. சில வருடம் கழித்து ஊருக்கு வந்து பார்த்தால், கல்லா மேசையில் ஒட்டியிருக்கும் ஸ்கேன் அட்டை கூட்டாளியின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது. வீட்டுக் கல்யாணச் செலவும் கடைப் பணத்தில் நடந்திருக்கிறது. கேட்டால், "ராத்திரி பகலா உழைக்கிறது நான்தானே, எனக்கும் பங்கு இருக்குதுல்ல?" என்கிறார்.

இந்த நிலையில் சிலர் உறவு கெட்டுவிடும் என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அதற்கு ஸபர் என்று பெயரும் வைத்துக்கொள்கிறார்கள். வேறு சிலர், அவர் எடுத்ததைப் போல நானும் எடுக்கிறேன் என்று சரக்கை மறைக்கிறார்கள், பொய்க் கணக்கு எழுதுகிறார்கள். இரண்டும் மார்க்கம் காட்டும் வழி அல்ல.

பங்கு இருந்தாலும் பிரிக்கும் முன் எடுக்கலாமா?

கைபர் போர் முடிந்து திரும்பும் வழியில் ஒரு பணியாளர் அம்பு பட்டு இறந்துபோனார். ஷஹீத் ஆகிவிட்டார் என்று ஸஹாபாக்கள் மகிழ்ந்து சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை மறுத்தார்கள். பங்கிடப்படுவதற்கு முன் கனீமத்திலிருந்து அவர் எடுத்த போர்வை நெருப்பாக எரிந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அதைக் கேட்டதும் ஒருவர் ஒரு செருப்பு வாரைக் கொண்டுவந்து கொடுத்தார். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. ஒரு செருப்பு வாருக்கே இந்த நிலை என்றால், கல்லாவிலிருந்து சொல்லாமல் எடுக்கும் ஆயிரங்களுக்கு என்ன நிலை?

இரண்டு கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் மோசடி செய்யாதவரை அவர்களுடன் மூன்றாமவனாக அல்லாஹ் இருக்கிறான், மோசடி வந்துவிட்டால் விலகிக்கொள்கிறான் என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் வருகிறது. கடையில் கூட்டம் இருந்தும் பரக்கத் இல்லை என்று புலம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

அநியாயம் செய்பவனுக்கும் உதவச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். அது எப்படி என்று கேட்கப்பட்டபோது, அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கினார்கள். ஆகவே நீங்கள் கணக்குக் கேட்பது பகைமை ஆகாது. உங்கள் கூட்டாளியை மறுமையின் வழக்கிலிருந்து காப்பாற்றும் உதவி அது.

முதலில் உறுதி செய்யுங்கள். நஷ்டம் வேறு, மோசடி வேறு. ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் போடும் முழாரபாவில், உழைப்பவரின் கவனக்குறைவோ வரம்புமீறலோ இல்லாமல் வந்த நஷ்டம் முதல் போட்டவரைச் சேரும். சந்தேகத்தை வைத்துத் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள். பில், வங்கிக் கணக்கு, சரக்கு இருப்பு மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, அவரைத் தனியாக அழைத்துப் பேசுங்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். இதுவரை எடுத்தது எவ்வளவு, எப்போது திருப்புவார், இனி மாதச் சம்பளம் எவ்வளவு என்பதை எழுதி, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குங்கள். குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகராவின் 282ஆம் வசனம், கடனை எழுதிச் சாட்சி வைப்பதைப் பற்றியதுதான். சொந்தக்காரருக்கு எழுத்து வேண்டாம் என்று அதில் விலக்கு இல்லை.

அப்படியும் சரியாகவில்லை என்றால், ஜமாஅத்தில் நேர்மையான இருவரை நடுவராக வையுங்கள். கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தமக்கு வரவேண்டிய கடனைப் பள்ளிவாசலிலேயே கேட்டபோது இருவர் குரலும் உயர்ந்தது. நபி (ஸல்) அவர்கள் திரையை விலக்கி, பாதியைத் தள்ளுபடி செய்யும்படி கஅபுக்குச் சைகை செய்தார்கள். அவர் சம்மதித்ததும், மீதியை எழுந்து கொடுத்துவிடும்படி மற்றவருக்குக் கட்டளையிட்டார்கள். விட்டுக்கொடுத்தலும் உண்டு, வசூலும் உண்டு.

நடுவரிடமோ நீதிமன்றத்திலோ முறையிடுவது புறம் பேசுவதாகாது. அநீதிக்கு உள்ளானவர் முறையிடுவதை, அனுமதிக்கப்பட்ட ஆறு இடங்களில் ஒன்றாக இமாம் நவவீ (ரஹ்) ரியாளுஸ்ஸாலிஹீனில் எழுதியிருக்கிறார்கள். இந்தியாவின் 1932ஆம் வருட கூட்டாண்மைச் சட்டமும் ஒவ்வொரு பங்குதாரருக்கும் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் உரிமை தருகிறது. கூட்டைப் பதிவு செய்யாமல் விட்டால், அது நடக்கும்போதே ஒப்பந்த உரிமைகளை வழக்குப் போட்டுக் கேட்க முடியாது. கலைத்துக் கணக்குக் கேட்க மட்டும் வழி உண்டு. கூட்டை முறித்துக்கொள்வதே நல்லது என்றால், கணக்கை முடித்து ஸலாம் சொல்லிப் பிரியுங்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். உங்களுக்கு மோசடி செய்தவருக்கு நீங்கள் மோசடி செய்யக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். தன் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்வது பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்கு உங்கள் உரிமை எவ்வளவு என்பது தெளிவாக இருக்க வேண்டும். கணக்கே முடியாத கடையில் அதை நீங்களே முடிவு செய்தால், ஒரு திருட்டு இரண்டாகிவிடும். ஆலிம்களைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

எடுத்தவருக்கு ஒரு வார்த்தை

இதைப் படிப்பவர் ஒருவேளை எடுத்தவராகவும் இருக்கலாம். சகோதரரே! கூட்டாளிக்குத் தெரியாமல் எடுத்த பணத்துக்கு அழுது கேட்கும் துஆ மட்டும் போதாது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அவர் மன்னிக்க வேண்டும். இல்லாவிட்டால் தொழுகையோடும் நோன்போடும் ஜகாத்தோடும் வந்தும், பிறர் உரிமைக்காக அவற்றையெல்லாம் இழந்து நிற்கும் திவாலானவரின் நிலைதான். இன்று மாலையே அவரிடம் போய்ச் சொல்லுங்கள். கையில் இல்லை என்றால் தவணை கேளுங்கள். நெருக்கடியில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி அல்பகராவின் 280ஆம் வசனம் உங்கள் கூட்டாளிக்கும் சொல்கிறது.

வல்ல ரஹ்மான் நம் வியாபாரங்களில் நேர்மையையும் பரக்கத்தையும் தருவானாக! அடுத்தவர் ஹக்கு நம் கழுத்தில் இல்லாத நிலையில் அவனைச் சந்திக்கும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.