ஐந்தில் ஒரு பங்கு

திருஆயர்பாடி கரிகிருஷ்ணப் பெருமாளைச் சேவிக்க வந்திருக்கும் அன்பர்களுக்கு அடியேனின் விண்ணப்பம். சித்திரைத் திருவிழாவில் ஹரியும் ஹரனும் பொன்னேரியில் சந்திக்கும் காட்சியைக் கண்டு கண் குளிரும் வேளையில், வரவு செலவுக் கணக்கைப் பேசலாமா என்று எண்ண வேண்டா. கணக்கும் தர்மத்தைச் சேர்ந்ததே.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் மாதச் சம்பளத்துக்கு உழைப்பவர் பலர் இவ்வட்டாரத்தில் உள்ளனர். ஒருவர் பந்தயப் புறா வளர்க்கிறார். ஒருவர் வண்ண மீன் வளர்க்கிறார். ஒருவருக்குப் புதுப்புதுக் கைப்பேசியில் மோகம். இவற்றில் பாவம் ஏதும் இல்லை. சம்பளம் போதாமல் தவணைக்கு வாங்கத் தொடங்கும்போதுதான் கேள்வி எழுகிறது: விருப்பத்துக்கு எவ்வளவு செலவிடலாம்?

பிறரைச் சொல்வானேன்? அடியேனுக்கும் ஒரு பித்து இருந்தது. சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தபின் பழைய புத்தகக் கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்கு வந்தன. பாடசாலைப் படிப்பை முடித்துக் கைங்கர்யத்தில் அமர்ந்த காலத்தில், மாதந்தோறும் ரயிலேறி அங்குச் சென்று, கிரந்த எழுத்தில் அச்சான பழைய ஸ்ரீகோசங்களை வாங்கி வருவேன். சிறு சம்பளமும் தட்டுக் காணிக்கையுமே வருமானம். ‘நகையா வாங்குகிறேன்? ஸ்ரீகோசம்தானே!’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஓராண்டு, மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணமும் அவ்வழியே போயிற்று. அடகு வைப்பதற்குத் தன் வளையலைக் கழற்றித் தந்த இல்லாள் ஒன்றே ஒன்று கேட்டாள்: “ஏன்னா, வாங்கினதுல வாசிச்சது எத்தனை?” அலமாரியைப் பார்த்தேன். பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை.

ஸ்ரீமத் பாகவதம் எட்டாம் ஸ்கந்தத்தில் மகாபலிக்குச் சுக்ராசாரியார் ஒரு பங்கீடு கூறுகிறார். தர்மத்துக்கு, புகழுக்கு, பொருளைப் பெருக்குவதற்கு, தன் விருப்பத்துக்கு, தன்னைச் சார்ந்தவர்க்கு எனச் செல்வத்தை ஐந்தாகப் பகுக்க வேண்டும் என்பது அது. விருப்பத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். ஆசையை அடியோடு அழிக்க வேண்டியதில்லை. அது அடுத்த பங்கில் கை வைக்கலாகாது, அவ்வளவே.

‘மகாபலி அந்த உபதேசத்தைக் கேளாமல் அனைத்தையும் கொடுத்தானே, எம்பெருமான் அவனுக்கு அருளவில்லையா?’ என்று கேட்கலாம். அடியேனும் அதைச் சொல்லித் தப்பப் பார்த்தவன். ஆனால் மகாபலி மூன்றாம் அடிக்குத் தன் தலையைக் கொடுத்தான். பிள்ளையின் தலையைக் காட்டவில்லை. நான் கொடுத்ததோ மகளின் கட்டணம், மனைவியின் வளையல். தன்னுடையதை இழப்பது தியாகம். தன்னை நம்பியவருடையதைத் தன் சுகத்துக்குச் செலவிடுவது களவு. வாங்கிய பொருள் புனிதமானது என்பதால் களவு கைங்கர்யம் ஆகிவிடாது.

இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2023-இல் சட்டம் வந்தது. புறாவுக்கும் புத்தகத்துக்கும் சட்டம் வராது, வரவும் வேண்டா. அங்கே காவல் நம் மனமே.

அன்றுமுதல் இரண்டு நியமங்களை மேற்கொண்டேன். சம்பளம் வந்த அன்றே வீட்டுப் பங்கை இல்லாளிடம் கொடுத்துவிட்டு, விருப்பத்துக்கெனச் சிறு தொகையைத் தனி உண்டியலில் இடுவேன். ஐந்து பங்கும் சமமாக இருக்க வேண்டியதில்லை; எங்கள் வருவாய்க்கு இருபதில் ஒன்றே தாங்கிற்று. உண்டியலில் உள்ளதற்கு மேல் வாங்குவதில்லை. இரண்டாவது, ஒன்றன்மேல் ஆசை எழுந்தால் அடுத்த ஏகாதசி கழியும்வரை பொறுப்பேன். பசியையே அடக்கும் நாளில் ஆசையை அடக்கலாகாதா? பெரும்பாலும் துவாதசிப் பாரணைக்குள் அது தணிந்துவிடும். தணியாததே மெய்யான விருப்பம். அதை மனநிறைவோடு வாங்கலாம்.

வளையல் ஈராண்டில் மீண்டது. பிரிக்காமல் கிடந்த ஸ்ரீகோசங்களை ஒவ்வொன்றாக வாசித்து வருகிறேன். செலவில்லாத இன்பம் அது. திருவிழாக் கடைவீதியில் குழந்தைக்கு ஓர் ஊதல் வாங்கித் தாருங்கள். அதுவும் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்ந்ததே. அவரவர் வரவுக்குள் நிறைவு காணும் மனத்தைக் கரிகிருஷ்ணன் அனைவருக்கும் அருள்வானாக.

சுபம்.