கறுப்புத் தண்ணீரும் பற்றுவழிக் கணக்கும்

அளவற்ற அருளாளனின் பெயரைக் கொண்டு ஆரம்பம் செய்கிறோம்.

 

நாம் ஆலிமல்ல. ஓதற்பள்ளியில் ஓதியதும், ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் படித்ததும், அதற்குப் பின் கல்லாவில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதும்தான் நமது படிப்பு. ஆயினும் சங்கத்தார் இம்முறை ஒரு விஷயம் எழுதும்படி நம்மைக் கேட்டுக்கொண்டபோது, நெடுநாளாக நம் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கணக்கை உங்கள் முன் விரித்து வைப்பதென்று துணிந்தோம். பிழையிருப்பின் பெரியவர்கள் பொறுத்துத் திருத்துவார்களாக.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலை. நம் கடையில் பற்று வைத்திருந்த ஒருவர் ஒரு கோணிச்சாக்கைத் தோளில் சுமந்து வந்தார். அவர் கூலி வேலை செய்பவர். 240 வெள்ளி பாக்கி. அதற்கு முந்திய வாரந்தான் நாலு பேருக்கு முன்னால் அவரைக் கடிந்து கேட்டிருந்தோம். "முதலாளி, இதைப் பின்கட்டில் வைத்திருங்கள். அஸருக்குள் ஆள் வந்து எடுத்துக்கொள்வார். உங்கள் பாக்கி இன்றோடு தீர்ந்துவிடும்" என்றார். சாக்கை விலக்கிப் பார்த்தோம். உள்ளே ஓர் அழுங்கு. மலாய்க்காரர் தெங்கிலிங் என்பார்கள். ஊர்ப்பக்கத்தில் எறும்புத்தின்னி என்றும் சொல்வார்கள். தலையை வயிற்றுக்குள் மறைத்து, பந்தைப்போலச் சுருண்டு கிடந்தது. புலி வந்தாலும் அந்த ஜீவனுக்குத் தெரிந்த முக்கியமான தற்காப்பு அதுதான். மனிதனிடத்திலோ அதுவே அதற்குக் கேடாய் முடிகிறது. சுருண்டதை அப்படியே தூக்கிச் சாக்கில் போட்டுவிடுகிறான்.

நாம் ஒன்றும் பேசவில்லை. சாக்கைக் கட்டி வைத்தோம். ஜும்ஆவுக்குப் போனோம். திரும்பி வந்தபோது சாக்கு இல்லை. கல்லாவின்மேல் 240 வெள்ளி இருந்தது. பேரேட்டைத் திறந்து வரவு எழுதிக் கோடிட்டோம். அன்றிரவு, சாக்கைப் பார்த்துவிட்டிருந்த நம் கடைசி மகள் கேட்டாள்: "அத்தா, அது யாருக்குக் கடன் பட்டிருந்தது?"

சகோதரர்களே, அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் பதில் இல்லை. அதைத் தேடியதில் கிடைத்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

திருமறையைத் திறந்து பாருங்கள். அத்தியாயங்களின் பெயர்களிலேயே பசுவும், கால்நடையும், தேனீயும், எறும்பும், சிலந்தியும், யானையும் இருக்கின்றன. அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38-ஆவது ஆயத்து, பூமியில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்தை நமக்குப் போதிக்கின்றது. 'உம்மத்து' என்ற சொல்லை நாம் நமக்கு மட்டும் சொந்தமாக்கிக்கொண்டோம். படைத்தவனோ அதை எறும்புக்கும் காகத்துக்கும் சேர்த்தே வழங்கியிருக்கிறான்.

இவ்வளவு விதமான ஜீவராசிகள் எங்கிருந்து வந்தன? உயிருள்ளவை யாவும் தண்ணீரிலிருந்தே ஆக்கப்பட்டன என்று மறை அறிவிக்கின்றது. வயிற்றால் ஊர்வதும், இரு காலால் நடப்பதும், நாலு காலால் நடப்பதும் அவன் நாட்டப்படியே என்றும் அறிவிக்கின்றது. எப்படி, எவ்வளவு காலத்தில் என்று ஆராய்வதை நம் முன்னோர் பாவமாகக் கருதவில்லை. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த பஸராவின் அல்ஜாஹிள் என்னும் அறிஞர் மிருகங்களைப் பற்றியே பெருநூல் ஒன்று எழுதினார். ஒன்று மற்றொன்றுக்கு இரையாகி, ஒன்றையொன்று சார்ந்து வாழும் விதத்தை அதில் விவரித்திருக்கிறார்.

நாம் வாழும் இந்த மலாயா மண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். இற்றைக்கு ஏறக்குறைய 20,000 வருஷங்களுக்கு முன், பனியுகத்தில், கடல் மட்டம் இன்றிருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது மலாயாவும் சுமத்திராவும் ஜாவாவும் போர்னியோவும் ஒரே நிலப்பரப்பு. புலியும் காண்டாமிருகமும் கால்நடையாகவே போய் வந்தன. பின்னர் கடல் ஏறிற்று, நிலம் துண்டாயிற்று. பிரிந்து நின்றவை அவ்வவ்விடத்து மண்ணுக்கும் நீருக்கும் தக்கபடி வேறுபட்டு நின்றன. ஆகவே ஓரிடத்தில் அழிந்தது வேறோரிடத்திலிருந்து வந்து நிரம்பும் என்று எண்ணுவது பிசகு.

இதற்கு அத்தாட்சி நம் ஊரின் பெயரிலேயே இருக்கிறது. 'ஆயர்' என்றால் தண்ணீர். 'ஈத்தாம்' என்றால் கறுப்பு. மலாய்க்காரர் காம்புட் என்று சொல்லும் சதுப்பு மண்ணில், உதிர்ந்த இலையும் மரமும் முழுவதும் மக்காமல் ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் படிந்து கிடக்கும். அதில் ஊறிய நீர் பால் விடாத தேத்தண்ணீரின் நிறம், புளிப்போ அதிகம். இதில் என்ன உயிர் வாழும் என்று நாம் அலட்சியமாகக் கேட்போம். 1986-ஆம் வருஷம் ஓர் ஆராய்ச்சியாளர் இந்த ஆயர் ஈத்தாம் பக்கத்துச் சதுப்புநீரில் வாழும் சிறு சண்டை மீன் ஒன்றுக்கு 'பெட்டா பெர்செபோனே' என்று பெயரிட்டு உலகுக்கு அறிவித்தார். நீளம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர், நிறம் கறுப்பு. ஆண் மீன் நுரையால் கூடு கட்டி முட்டைகளைக் காவல் காக்கும். சதுப்பில் கால்வாய் வெட்டி நீரை வடித்துச் செம்பனை நட்டால் அந்த மீனுக்குப் போக்கிடம் இல்லை. அழியும் அபாயத்திலுள்ள ஜீவன்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. நீர் வடிந்த அந்த மண் காய்ந்து தாழ்கிறது. தீப்பிடித்தால் நிலத்தடியிலும் புகைந்துகொண்டே இருக்கிறது. 1997-லும் 2015-லும் வானத்தை மூடிய புகைமூட்டத்தில் நாம் கடையைப் பாதி அடைத்துக்கொண்டு இருமியது நினைவிருக்கும். அயல்நாட்டில் காய்ந்த சதுப்பு எரிந்ததன் பலன் அதில் பெரும்பங்கு.

நம் ஊர் நாற்சந்தி. கிழக்கே போனால் குளுவாங். அவ்வூரின் பெயரே 'கெலுவாங்' என்னும் பெரிய பழந்தின்னி வௌவாலிலிருந்து வந்தது என்பார்கள். வௌவாலைக் கண்டால் அருவருக்கிறோம். ஆனால் டுரியான் பூ மாலையில் மலர்ந்து இரவில் மணப்பது. பூந்தேனையும் பழத்தையும் தின்னும் வௌவால்களே அதன் மகரந்தத்தை மரத்துக்கு மரம் சுமந்து செல்பவற்றில் முதன்மையானவை. டுரியான் பருவத்தில் நம் தெருவில் புழங்கும் பணத்தில் அந்தக் கூட்டாளிக்கும் பங்குண்டு. அது பங்கு கேட்பதில்லை; ஆகவே நாம் கணக்கில் எழுதுவதில்லை. கரையானைத் தின்று மரத்தைக் காக்கும் அழுங்கின் பெயரும் நம் பேரேட்டில் கிடையாது. அதை விற்ற பணம் மட்டுமே எழுதப்பட்டது.

இனி நஷ்டக் கணக்கைப் பாருங்கள். 1950-களில் இந்நாட்டில் சுமார் 3,000 புலிகள் இருந்தன என்று மதிப்பிட்டார்கள். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் 150-க்கும் குறைவாகவே இருப்பதாகத் தெரிந்தது. அரசாங்கச் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன. காட்டில் நிற்பவை இவ்வளவே. நம் ஜொகூரின் எண்டாவ்-ரொம்பின் காட்டில் ஒரு காலத்தில் சுமத்திரா காண்டாமிருகம் உலாவியது. அவ்வினத்தில் மலேசியாவில் எஞ்சியிருந்த ஆண் 2019-ஆம் வருஷம் மே மாதத்தில் மடிந்தது. அதே வருஷம் நவம்பர் 23-ஆம் தேதி, சபாவில் கடைசிப் பெண்ணும் மடிந்தது. அதற்கு மனிதர் இட்டிருந்த பெயர் என்ன தெரியுமா? ஈமான்! சகோதரர்களே, நம் நாட்டின் கடைசிக் காண்டாமிருகம் ஈமான் என்ற பெயரோடு போய்ச் சேர்ந்தது. பெயரைக் கேட்டபோது நமக்கு மெய் சிலிர்த்தது.

அழுங்கின் கதையும் அவ்வழியே போகின்றது. பெண் அழுங்கு ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஒரே குட்டியே ஈனும். அதன் செதில் நம் விரல்நகம் எதனால் ஆனதோ அதனாலேயே ஆனது. நகத்தைத் தின்றால் நோய் தீருமா? மருந்தென்று நம்பி வாங்குவோர் இருப்பதால் பிடிப்போர் இருக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் சபாவில் அதிகாரிகள் கைப்பற்றிய அழுங்கு இறைச்சியும் செதிலும் மட்டும் 30 டன்னுக்குச் சற்றேறக்குறைய. அடுத்த வருஷம் சீன தேசமே தன் மருந்து நூற்பட்டியலிலிருந்து அச்செதிலை நீக்கிவிட்டது.

"இது சர்க்கார் விஷயம், மார்க்கத்துக்கு என்ன?" என்று கேட்பவருக்குச் சொல்கிறோம். இஹ்ராம் உடையில் இருப்பவருக்குத் தரைவேட்டை ஹராம். மதீனாவின் எல்லைக்குள் மரத்தையும் வேட்டைப் பிராணியையும் காத்தவர்கள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள். ஒரு பிரயாணத்தில் தோழர்கள் ஒரு சிறு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை பரிதவித்துச் சிறகடித்ததைக் கண்ட பெருமானார், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி பணித்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. ஓர் எறும்பு கடித்ததற்காக எறும்புப் புற்றையே எரித்த முன்னொரு நபியை, துதிசெய்யும் ஒரு சமுதாயத்தையே அழித்துவிட்டதாக இறைவன் கண்டித்த வரலாறும் ஹதீஸில் உண்டு. ஹலரத் நூஹு நபி அவர்களின் கப்பலில் ஜோடி ஜோடியாக ஏற்றப்பட்டவற்றில் மனிதருக்கு ஆதாயம் தருபவற்றை மட்டும் பொறுக்கி ஏற்றும்படி கட்டளை இருந்ததாக நாம் ஓதவில்லை. 2014-ஆம் வருஷம் இந்தோனேசிய உலமா சபை, அழிந்துவரும் பிராணிகளைச் சட்டவிரோதமாக வேட்டையாடுவதும் விற்பதும் ஹராம் என்று பத்வாவே கொடுத்திருக்கிறது. நம் நாட்டுச் சட்டமும், 2010-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அழுங்கைப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் குற்றமென்கிறது. 2022-இல் அச்சட்டத்தின் தண்டனைகள் இன்னும் கடுமையாக்கப்பட்டன.

இப்போது நம் பேரேட்டுக்கு வருவோம். குற்றம் அந்தக் கூலிக்காரர் மேல் மட்டுமா? நம் கடனை அடைக்கவே அவர் காட்டுக்குள் போனார். அவரை நாலு பேருக்கு முன் நெருக்கியவர் யார்? கடன்பட்டவன் கஷ்டத்திலிருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 280-ஆவது ஆயத்து நமக்கு ஏவுகின்றது. அந்த ஓர் ஏவலை நாம் நிறைவேற்றியிருந்தால், அந்த அழுங்கு அன்றிரவு காட்டில் எறும்பு தேடியிருக்கும். மகளின் கேள்விக்குப் பதில் இதுதான்: அது யாருக்கும் கடன்படவில்லை. நாம்தான் அதற்குக் கடன்பட்டோம்.

அந்த 240 வெள்ளியை நாம் வைத்துக்கொள்ளவில்லை. அறிந்த ஆலிம் ஒருவரிடம் கேட்டு, ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டோம். கூலிக்காரரிடம் போய் நம் கடுஞ்சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டோம். இப்போது அவர் முடிந்தபோது முடிந்ததைக் கொடுக்கிறார். ஆயினும் தௌபாவின் ஷரத்துகளில் ஒன்று, உரிமை பறிக்கப்பட்டவரிடம் அதைத் திருப்பிக் கொடுப்பதல்லவா? அந்த அழுங்கிடம் எங்கே போய்த் திருப்பிக் கொடுப்போம்? அது மட்டும் இன்னும் கோடிடாத கணக்காகவே நிற்கிறது. கொம்பில்லாத ஆட்டுக்குக் கொம்புள்ள ஆட்டினிடமிருந்து நியாயம் வாங்கிக் கொடுக்கப்படும் அந்த மறுமை நாளை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

ஆகையால் சகோதரர்களே, நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்கு நாம் சொல்வது சொற்பமே. காட்டு இறைச்சியோ, செதிலோ, காட்டில் பிடித்த பறவையோ உங்கள் கடைவழியாகப் போக இடங்கொடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு வைத்திருக்கவும் சம்மதியாதீர்கள். கண்டால் பெர்ஹிலித்தான் இலாகாவுக்குத் தெரிவியுங்கள். கடையின் பழைய எண்ணெயையும் குப்பையையும் சாக்கடையில் கொட்டாதீர்கள்; அந்தச் சாக்கடையும் ஏதேனும் ஒரு தண்ணீரில்தான் போய்ச் சேருகிறது. முக்கியமாக, ஏழையின் பற்றுக்குத் தவணை கொடுங்கள். வயிறு நெருக்கப்பட்டவனிடம் காட்டைக் காப்பாற்று என்று பிரசங்கம் செய்வதில் பிரயோஜனமில்லை.

எல்லாக் கணக்கையும் நேர்செய்பவன் அல்லாஹு தஆலா ஒருவனே. நம் கைகளால் இனி எந்த ஜீவனுக்கும் அநியாயம் நேராதபடி அவன் நம்மைக் காப்பானாக! நாம் அறியாமல் பட்ட கடன்களையும், அறிந்தே பட்ட கடன்களையும் மன்னிப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.