தமர் உகந்தது

இராமானுஜர் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தது 1017-ல் என்பது வைணவர்களின் கணக்கு. அவருக்கு மூன்று திருமேனிகள் உண்டு என்பதும் அவர்கள் மரபு. ஸ்ரீரங்கத்தில் இருப்பது தானான திருமேனி. அவர் உடலே அது என்பது நம்பிக்கை. ஸ்ரீபெரும்புதூரில் இருப்பது தான் உகந்த திருமேனி. இது நானாக இருக்கட்டும் என்று அவரே தழுவி ஒப்புக்கொடுத்தது. மேல்கோட்டையில் இருப்பது தமர் உகந்த திருமேனி. அவர் கிளம்பும்போது தவித்துப்போன அடியார்கள் தங்களுக்கென்று வேண்டி வைத்துக்கொண்டது. எனக்குச் சம்பிரதாயப் பற்று எதுவும் கிடையாது. ஆனாலும், போய்விட்ட ஒரு மனிதன் ஓரிடத்தில் எந்தெந்த விதங்களில் எஞ்சி நிற்கலாம் என்ற கேள்வியை இவ்வளவு துல்லியமாக வகுத்துக்கொண்ட வேறு சொற்கள் எனக்குத் தெரியவில்லை. பாரம்பரியம் என்று மேடைக்கு மேடை நாம் உருட்டும் சொல் இந்த மூன்றையும் ஒரே கோணியில் போட்டுத் தைத்துவிடுகிறது.

இந்தச் சொற்களோடு, கோயிலிலிருந்து சில மைல் தள்ளியிருக்கும் பிள்ளைப்பாக்கத்துக்குப் போகலாம். அங்கே ஓர் ஏரி. நிரம்பினால் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போய்ச் சேரும். ஏரிக்கு அப்பால் சிப்காட். அதற்கும் அப்பால் இருங்காட்டுக்கோட்டை, வல்லம், வடகால், ஒரகடம் என்று ஊர்ப் பெயர்கள் எல்லாம் தொழிற்பேட்டைகளின் பெயர்களாகிவிட்ட நிலம். இங்கே பாரம்பரியம் எது என்று கேட்டால் கோயிலைக் காட்டுவார்கள், ராஜீவ் காந்தி 1991-ல் கொல்லப்பட்ட இடத்திலுள்ள நினைவிடத்தைக் காட்டுவார்கள். தொழிற்சாலையை யாரும் காட்டமாட்டார்கள். அது சோறு போடுகிற இடம், அவ்வளவுதான்.

தொழிற்சாலையையே பாரம்பரியமாகக் காட்டும் ஊர்களும் உலகத்தில் உண்டு. நார்வேயில் ரியூக்கன் அப்படி ஒன்று. ஒடுங்கிய பள்ளத்தாக்கில் ஒரு சிற்றூர். புகையாய்த் திவலை எழுப்பிய ஓர் அருவியின் பெயர்தான் ஊரின் பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோர்ஸ்க் ஹைட்ரோ கம்பெனி வந்தது. அருவியைக் குழாய்களில் இறக்கி மின்சாரமாக்கி, அந்த மின்சாரத்தைக் கொண்டு காற்றிலிருந்த நைட்ரஜனை உரமாக்கியது. 1911-ல் அங்குள்ள வேமோர்க் மின்நிலையம்தான் உலகிலேயே பெரியது. தொழிலாளிக்கு வீடு, பள்ளிக்கூடம், ரயில் எல்லாம் கம்பெனியே போட்டது. ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்தபோது, அணுகுண்டுக்கு உதவும் என்று அஞ்சப்பட்ட கனநீர் அங்கே தயாராயிற்று. 1943 பிப்ரவரியில் நார்வேக்காரர்களே உள்ளே புகுந்து அந்தச் சாதனங்களைத் தகர்த்தார்கள். மறு வருஷம், மிஞ்சிய கனநீரை ஏற்றிச் சென்ற படகை டின் ஏரியில் மூழ்கடித்தபோது பதினெட்டுப் பேர் செத்தார்கள். அதில் பதினான்கு பேர் நார்வேக்காரர்கள். இன்று மின்நிலையம் தொழிலாளர் அருங்காட்சியகம். 2015-ல் யுனெஸ்கோ இந்த ஊரைப் பக்கத்து நோட்டோடனோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் எழுதிக்கொண்டது.

நம் சொற்களில் சொன்னால், மின்நிலையம் தானானது. ஒழுங்காகக் கோடு பிடித்துக் கட்டிய கம்பெனி வீடுகள் தான் உகந்தவை. தன்னை எப்படி நினைவுகொள்ள வேண்டுமென்று முதலாளி விரும்பினானோ அப்படிச் செய்துவைத்தவை. பட்டியல்களுக்கு இந்த இரண்டும் போதும். என்னை இழுப்பது வேறொரு சமாசாரம். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை அந்தப் பள்ளத்தாக்கின் அடியில் வெயில் விழாது. மலைமேல் கண்ணாடி வைத்து வெயிலை ஊருக்குள் திருப்பினால் என்ன என்று 1913-ல் ஒரு கணக்கர் யோசனை சொன்னார். அப்போது அது ஆகிற காரியமாக இல்லை. 1928-ல் கம்பெனி ஒரு கம்பிவட வண்டி கட்டிக் கொடுத்தது, மேலே போய் வெயில் காய்ந்துவிட்டு வாருங்கள் என்று. நூறு வருஷம் கழித்து, 2013-ல், மூன்று கண்ணாடிகள் மலைமேல் ஏறின. ஊர்ச் சதுக்கத்தில் குளிர்கால வெயில் விழுந்தது.

அந்தக் கணக்கர் கலைஞர் அல்ல, தியாகியும் அல்ல. அடுத்த குளிர்காலத்திலும் நாம் இங்கேதான் இருப்போம் என்ற சாதாரண எண்ணம் அவருக்கு இருந்தது. அந்த எண்ணம் இல்லாதவன் ஊருக்கு வெயில் வேண்டும் என்று யோசிக்கமாட்டான். அறைக்கு ஒரு பல்பு கேட்பான்.

இங்கே திரும்பலாம். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் உற்பத்தி தொடங்கியது, 2014 நவம்பர் 1-ல் நிறுத்தியது. எட்டு வருஷம் சொச்சம். ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே கோடிக்கணக்கான செல்பேசிகளைச் செய்தார்கள். 2010-ல் ஒரு பெண் தொழிலாளி இயந்திரத்தில் சிக்கி இறந்துபோனார். அந்தக் கட்டடம் பாழாகவில்லை. பின்னால் சால்காம்ப் வாங்கிக்கொண்டது, இப்போது சார்ஜர் செய்கிறது. நம் தொழிற்சாலை சாவதில்லை, பெயர்ப்பலகை மாற்றிக்கொள்கிறது. ஆகவே அருங்காட்சியகம் ஆவதற்கான அடிப்படைத் தகுதியான மரணம்கூட அதற்குக் கிடைப்பதில்லை. இதில் துக்கப்பட எதுவுமில்லை என்றுதான் நினைக்கிறேன். கட்டடத்துக்காக அழுவது வரைபடக்காரனின் உணர்ச்சி.

துக்கப்பட வேண்டியது வேறு. செய்தவளின் சுவடு பொருளில் இல்லாமலிருப்பது இந்தத் தொழிலின் விதி. கையுறை போட்டு, தலையை மூடி, தூசும் ரேகையும் படாமல் வேலை செய்ய வேண்டும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரகடத்துக்குப் பக்கத்தில் வடக்குப்பட்டில் 2022-ல் தொல்லியல் துறை தோண்டியபோது கற்கருவிகள் கிடைத்தன. இதே சென்னைப் புறத்தில், பல்லாவரத்தில், ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். கல்லை எந்தக் கோணத்தில் தட்டினார்கள் என்பது இன்றும் அதில் தெரியும். செய்தவர் பெயர் தெரியாது. பெயர் தெரியாததால் அவருக்கு ஏதும் குறைந்துவிட்டதா? இல்லை. செய்த பொருளிலேயே கை இருக்கிறது. அநாமதேயம் வேறு, அழித்தெடுப்பது வேறு.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது லேசான மறுப்பல்ல. இந்தப் பெண்கள் இங்கே எஞ்சி நிற்க விரும்புகிறார்களா? இரண்டு வருஷம், மூன்று வருஷம். தங்கையின் படிப்பு, ஊரில் ஒரு சிமென்ட் தரை, தன் கல்யாணத்துக்குக் கொஞ்சம் நகை. அவர்களுடைய சுவடு திருவண்ணாமலைப் பக்கத்திலோ விழுப்புரத்துப் பக்கத்திலோ ஒரு வீட்டுச் சுவராக நிற்கிறது. பிள்ளைப்பாக்கம் அவர்களுக்கு ஒரு பஸ் நிறுத்தம். அவர்கள் விரும்பாத நினைவுச்சின்னத்தை அவர்கள் தலையில் கட்டுவது என்னைப் போன்றவர்களின் மனச்சாட்சிக்குத் தீனி போடும் காரியமாக முடியலாம். இதை நான் ஒப்புக்கொள்கிறேன். மறக்கப்படுவதும் ஓர் உரிமைதான்.

ஆனால் கொஞ்ச காலம் இருப்பதால்தான் ஓரிடத்தின்மேல் அக்கறை வராது என்று சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. இதே காஞ்சி மாவட்டத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. முதலாம் பராந்தகன் காலத்தவை, 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுத்தார்கள். பதவி ஒரு வருஷம்தான், முந்நூற்றறுபது நாள். அந்த ஒரு வருஷத்தில் ஏரி அவர்கள் பொறுப்பு. ஆகவே கால அளவு அல்ல விஷயம், சொல்லுகிற இடம் இருந்ததா என்பதே விஷயம். (கால் வேலிக்கு மேல் நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவன் பெயர்தான் குடத்தில் விழும் என்பதையும் அதே கல்வெட்டு சொல்கிறது. வண்டல் சுமந்தவன் ஓலை குடத்தில் விழவில்லை. நம் பொற்காலங்களை எடுக்கும்போது இதையும் சேர்த்து எடுக்க வேண்டும்.)

ஒப்பந்தமும் விடுதியும் பறித்துக்கொள்வது இந்தச் சொல்லுகிற இடத்தைத்தான். வேலை கொடுப்பவன் ஒருவன், ஆள் கொடுப்பவன் ஒருவன், தங்க இடம் கொடுப்பவன் ஒருவன், சோறு போடுபவன் இன்னொருவன். யாரிடம் போய் வெயில் கேட்பது? ரியூக்கன் முதலாளி நல்லவன் என்று நான் சொல்லவில்லை. அவன் கண்ணுக்கெட்டும் இடத்தில் இருந்தான்.

2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தோழிகள் எங்கே, உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டார்கள். ஆலை சில வாரம் மூடிக்கிடந்து 2022 ஜனவரியில் திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது. நல்ல கட்டடம். அது அரசு உகந்தது, கம்பெனி உகந்தது. அந்த இரவு மட்டும் தமர் உகந்தது. தாங்கள் தூங்குகிற, சாப்பிடுகிற இடம் இப்படி இருக்கக்கூடாது என்று அவர்களே சொன்ன இரவு அது. அதற்கு உருவமில்லை. தார்ச்சாலை மறுநாளே பழையபடி ஓடியது.

அந்த நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால் நடுத்தடுப்பும் அரளிச் செடிகளும்தான் தெரிகின்றன. ஷிப்ட் முடிந்த பஸ்கள் வேகம் குறையாமல் போகின்றன. ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறவர்களுள் அன்று இங்கே உட்கார்ந்தவர் ஒருவராவது இருக்கலாம். பக்கத்தில் புதிதாய் வந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணைத் தட்டி எழுப்பி, இந்த இடம்தான் என்று அவர் கை காட்டினாரா என்பது வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரிவதில்லை. கண்ணாடி கறுப்பு.