முகம் ஓர் அமானிதம்

ஒளிப்படம் பொய் சொல்லாது என்று நாம் நம்புகிறோம். அக்கலை பாரிஸ் மாநகரில் 1839-ஆம் ஆண்டு உலகுக்கு அறிவிக்கப்பட்ட காலந்தொட்டு நிலவிவரும் நம்பிக்கை இது. ஆயினும் ஸ்டூடியோவில் ஒளி எப்பக்கமிருந்து விழவேண்டும், முகம் எவ்வளவு திரும்பவேண்டும், பின்னே தொங்கும் திரையில் மாளிகையா பூங்காவா என்பனவெல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகின்றன. எடுத்தபின் திருத்தம் தொடங்குகிறது. பிலிம் வழங்கிய நாளில், நெகட்டிவின்மீது கூரிய பென்சிலால் தீட்டுவதை ‘டச்சிங்’ என்றனர். முகச்சுருக்கம் நெகட்டிவில் தெளிந்த கோடாய் நிற்கும். அதனைப் பென்சிலால் அடைத்துவிட்டால் அச்சில் சுருக்கம் மறையும். இன்று அவ்வேலையைக் கணினி செய்கிறது. கருவி மாறினும் கேள்வி மாறவில்லை: எதுவரை திருத்தலாம்?

சம்பந்தம் பேசுவதற்காகக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு பெண்ணின் படம் அனுப்பப்படுவதாகக் கொள்வோம். அன்றைக்கு முளைத்த பருவை நீக்கினால் யாருக்கும் தீங்கில்லை. மணநாளுக்குள் அதுவே ஆறிவிடும். மாநிறத்தை வெண்ணிறமாக்கினாலோ? மதீனத்துச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியிலிருந்த ஈரத்தைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கேட்டார்கள். அங்கே மறைக்கப்பட்ட ஈரம் ஒரு குறை, மாநிறமோ குறையன்று. ஆகவே இங்கே அநீதி இரட்டிப்பாகிறது. மாப்பிள்ளை வீட்டார் ஏமாறுகின்றனர். தன் நிறம் மறைக்கத்தக்கதென்று அப்பெண் தன் வீட்டாரிடமே கற்றுக்கொள்கிறாள்.

திருத்துவதே கடமையாகும் இடமும் உண்டு. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலையும், 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும், 2015-இல் பெருவெள்ளமும் கடலூர் மாவட்டத்தைத் தாக்கின. நீரில் ஊறிய படத்தின் ஜெலட்டின் படலம் சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்; பிரித்தெடுக்கையில் முகமே பெயர்ந்துவிடும். மறைந்த வாப்பாவின் ஒரே படம் அவ்வாறு சிதைந்திருப்பின், கறையைப் போக்கலாம், கிழிசலை இணைக்கலாம். கண் இருந்த இடமே வெறுமையாகியிருந்தால்? செயற்கை நுண்ணறிவு நொடியில் ஓர் அழகிய கண்ணை வரைந்து தரும். அக்கண் வாப்பாவினுடையதன்று. அவரைக் கண்டிராத பேரப்பிள்ளைகளோ, அதனையே அவருடைய பார்வையென்று நம்பி வளர்வர்.

ஒருவரின் முகம், படம் எடுப்பவரிடமும் திருத்துபவரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன்மேல் படிந்ததை அகற்றலாம். அதற்கே உரியதை அகற்றலாகாது. இல்லாததைச் சேர்த்தலும் ஆகாது. அழிந்ததை நிரப்பியே தீரவேண்டுமெனில், சிதைந்த மூலப்படத்தையும் உடன் பாதுகாத்து, நிரப்பிய இடம் இதுவெனப் புதிய படத்தின் பின்புறம் எழுதிவைப்போம். இனி வரும் பிள்ளைகள் தம் முன்னோரை உள்ளவாறு அறிய நாம் செய்யத்தக்கது அது.