மீண்ட உயிர் எதற்காக?

மானிடப் பிறவி பெறுதற்கரியது என்பது நம் முன்னோர் துணிபு. அப்பிறவி கைநழுவும் தறுவாயில் ஒருவருக்கு மீண்டும் வாய்க்குமாயின், அது இரண்டாம் பிறவியே ஆகும். ஊவாவின் தோட்டங்களில் அவ்வாறு மீண்டவர்கள் பலர் உள்ளனர்.

கொழுந்து மலையில் குளவிக்கூடு கலைந்தால் சில நிமிடங்களே போதும். உடலெங்கும் தடிப்பு எழும். தொண்டை வீங்கி மூச்சு அடைபடும். இரத்த அழுத்தம் வீழும். அவ்வேளையில் தாமதமின்றி ஏற்றப்படும் அட்ரினலின் ஊசியே உயிரைப் பிடித்து நிறுத்துகிறது. முன்னாளில் நோயாளியைக் கம்பளியில் கிடத்தி, லயத்திலிருந்து பாதை வரை சுமந்து வந்து, தோட்டத்து லொறியில் பதுளைக்கு அனுப்புவார்கள். 2016 இல் இந்திய உதவியுடன் தொடங்கி நாடெங்கும் விரிந்த 1990 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை இன்று உண்டு. எனினும் வண்டி ஏறாத இடங்களில் அயலவரின் தோளே முதல் துணை.

மீண்டவர் கோயிலுக்கு வருகிறார்; தேங்காய் உடைத்து நேர்த்திக்கடனைத் தீர்க்கிறார். ஆயினும் ஒரு கேள்வி அவரை விட்டு அகல்வதில்லை. அதே மலையில், அடுத்த நிரையில் நின்றவள் ஏன் மீளவில்லை?

'இறைவன் காத்தான்' என்பது பணிவின் சொல். 'நான் புண்ணியம் செய்தவன், அதனால் பிழைத்தேன்' என்பது ஆணவத்தின் சொல். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பிழைத்தார்கள். வீட்டிலிருந்த பெற்றோர் பலர் மண்ணுள் புதைந்தார்கள். அப்பெற்றோர் புண்ணியம் குறைந்தவர்கள் என்று சொல்ல எந்த நாவுக்குத் துணிவு வரும்? அங்கு ஆபத்து உண்டென 2005 இலும் அதன் பின்னரும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அனைத்தையும் விதியின் தலையில் சுமத்தினால், மனிதர் செய்யத் தவறியது மறைந்துவிடும்.

ஆகவே பிழைத்திருப்பது நற்சான்றிதழ் அன்று. அது ஒரு கடன். இதற்குத் திருநாவுக்கரசர் வாழ்வே சான்று. சூலை நோயால் துடித்தவர் தமக்கையார் திலகவதியாரை நாடித் திருவதிகைக்கு வந்தார். தமக்கையார் அளித்த திருநீற்றை அணிந்து, இறைவனைப் பாடி நோய் நீங்கினார் என்கிறது பெரியபுராணம். நோய் தீர்ந்தபின் அவர் கையில் ஏந்தியது உழவாரப்படை. நம் தோட்டத்துச் சுரண்டிக்கு உறவான அக்கருவியால், பிறர் நடக்கும் திருவீதியின் புல்லைச் செதுக்கினார். பாடிய நாவோடு கையும் நன்றி சொன்னது.

ஆடி, ஆவணியில் கச்சான் காற்று ஊவா மலைகளை வறட்டும். தளிர் மெதுவாகவே வளரும். ஆனால் உலகம் விரும்பும் ஊவாத் தேயிலையின் மணம் அக்காலக் கொழுந்திலேதான் கூடுகிறது. பின்பு ஐப்பசி மழை வர, மலை மீண்டும் பசுமை கொள்ளும். வாடிய செடிகள் யாவும் தளிர்ப்பதில்லை. தளிர்த்த செடியோ தன் கொழுந்தைத் தனக்கென வைத்துக்கொள்வதில்லை.

மீண்டவர் செய்யத்தக்கவை அரியன அல்ல. குளவிக்கூடு கண்டால் அடுத்தவருக்கு உரைத்தல், பாதையைச் செப்பனிடச் சிரமதானத்தில் இறங்குதல், குருதி கொடுத்தல், மீளாதவரின் பிள்ளைக்குக் கொப்பி வாங்கிக் கொடுத்தல் ஆகியனவும் நேர்த்திக்கடன்களே. தம்மைச் சுமந்த தோள்களை மறவாதவரே தம்மைக் காத்த இறைவனையும் மறவாதவர்.